இரண்டு நட்சத்திரம் குறைந்த ரிப்போர்ட்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
15-11-2024, வெள்ளி, காலை 11 மணி

திரு. வெற்றிவேல் அவர்களுக்கு,

வணக்கம். 'அவர்களுக்கு' என்று போட்டுவிட்டேன். மேற்கொண்டு அந்த மரியாதை கைக்கு வராது. 'நீ' என்றே எழுதுகிறேன்.

முதலில் செய்தி. உன் அப்பாவுக்கு டெங்கு. நேற்று மதியத்திலிருந்து கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். நினைவு இருக்கிறது, பேசுகிறார். ஆனால் அடுத்த இரண்டு நாள் எப்படிப் போகும் என்று டாக்டர்கள் வாய் திறக்கவில்லை. உன் தங்கை சரிதா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லக் கூடாது என்று உன் அப்பா அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். "சொன்னா டிக்கெட்ட மாத்திக்கினு இப்பவே ஓடியாந்துடுவான். பொங்கலுக்குப் புள்ளையோட வரட்டும்" என்றாராம். நான் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் போன் நம்பரைக் கேட்டால் சரிதா தருவாள். இருபது வருடம் பேசாதவனிடம் போனில் எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உன் மின்னஞ்சல் முகவரி எனக்கு மனப்பாடம். உன் ஆராய்ச்சிக் கட்டுரை ஒவ்வொன்றின் அடியிலும் அச்சாகி இருக்கிறதே.

நடந்ததைச் சொல்கிறேன். நீ பிரான்சில் லியோனில் உட்கார்ந்து வருடா வருடம் அப்பாவுக்கு ஆன்லைனில் எடுத்துக் கொடுக்கும் இதயப் பரிசோதனைப் பேக்கேஜ் எந்த லேபுக்குப் போகிறது என்று நீ பார்த்திருக்க மாட்டாய். பணம் ஒரு கம்பெனிக்குப் போகிறது. ரத்தம் நான் வேலை செய்கிற நெல்லித்தோப்பு லேபுக்கு வருகிறது. ஏழு வருடமாக உன் அப்பாவின் ரத்தக் கொழுப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான். கையெழுத்துக்குக் கீழே பெயர் இருக்கும். நீ அதைப் படித்ததில்லை போலிருக்கிறது.

உன் அப்பாவுக்கு ஆங்கிலத்தில் வரும் ரிப்போர்ட் படிக்க வராது. அவர் நட்சத்திரங்களை எண்ணுவார். அளவு மீறிய வரிக்குப் பக்கத்தில் கணினி போடுகிற நட்சத்திரம். ஏழு வருடமும் நான்கு நட்சத்திரம். மொத்தக் கொலஸ்ட்ரால், கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல்., நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு. ரிப்போர்ட் உனக்கு வந்த மறுநாள் நீ வீடியோவில் திட்டுவாய். அவர் முட்டையை விட்டார், கறியை விட்டார், மூலக்குளம் முனையில் நாலு மணி வடையை விட்டார். நட்சத்திரம் மட்டும் போகவில்லை.

இந்த வருடத்துக்கான நாள் 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அவருக்கு மூன்று நாள் காய்ச்சல். வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போன எங்கள் மேனகா, காய்ச்சல் விட்டபிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறாள். "அவன் காசு கட்டிட்டான். தேதி தப்பிப் போச்சின்னா அதுக்கும் எதுனா சொல்லுவான். நீ எடும்மா, ரத்தத்துக்கு இன்னா காய்ச்சலு" என்று கையை நீட்டியிருக்கிறார். பேக்கேஜில் கொழுப்பு, சர்க்கரை, கிரியாட்டினின் மட்டும்தான். ரத்த அணுக்கள் கிடையாது. படிவத்தில் காய்ச்சல் என்று எழுத இடமும் கிடையாது.

போன வருடம் மொத்தக் கொலஸ்ட்ரால் 236. இந்தச் செவ்வாய்க்கிழமை 81. எல்.டி.எல். 158 இருந்தது, 28. ட்ரைகிளிசரைடுக்கு வழக்கம்போல நட்சத்திரம். எச்.டி.எல்.லுக்கும் குறைவு என்று நட்சத்திரம் விழுந்தது. 36 இருந்தது 12 ஆனதைக் கணினி பிரித்துச் சொல்லாது. மொத்தம் இருநூறுக்குக் கீழே இருந்தால் 'விரும்பத்தக்கது' என்று அதுவே போட்டுவிடும். எவ்வளவு கீழே என்று அதற்குக் கவலை இல்லை.

உன் அப்பா எண்ணிப் பார்த்திருக்கிறார். நாலில் ரெண்டைக் காணோம். உனக்கு அனுப்பினார். நீ கட்டைவிரல் தூக்கிக் காட்டினாய். "சூப்பர்ப்பா, இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க" என்று எழுதினாய். அவர் அந்தக் காய்ச்சலோடு சரிதாவை அனுப்பி அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிவரச் சொல்லித் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தார்.

கடும் வைரஸ் காய்ச்சலில் ரத்தக் கொழுப்பு எப்படிச் சரிகிறது என்று உலகத்துக்கு எடுத்துச் சொல்லிப் பெயர் வாங்கியவன் நீ. உன் சொந்த அப்பாவின் 81க்குக் கட்டைவிரல் காட்டினாய். அவருக்குக் காய்ச்சல் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

வியாழக்கிழமை காலை லேபில் மேனகா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு மூலக்குளம் போனேன். உன் வீட்டு வாசலை மிதித்து இருபது வருடம் ஆகிறது. உன் அப்பா சோபாவில் சாய்ந்திருந்தார். "ஜொரம் வுட்டுடுச்சி ராகவா. நேத்து ராத்திரியே வுட்டுடுச்சி. வயிறுதான் கொஞ்சம் நோவுது" என்றார். நான் ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. நாடி விரலுக்குத் தட்டுப்படவில்லை. இந்த நோயில் காய்ச்சல் விடுகிற நாள்தான் மோசமான நாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, வழியில் லேபில் நிறுத்தி ஒரு துளி ரத்தத்தைச் சுழற்றிப் பார்த்தேன். சிவப்பணுவின் பங்கு நூற்றுக்கு 52. நீர் முழுக்க ரத்தக் குழாயை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. ஆட்டோவை நேராகக் கோரிமேட்டுக்கு விடச் சொன்னேன்.

அங்கே அவரைப் பார்த்துக்கொள்கிற டாக்டர் கவிநிலா என்ற பெண். இருபத்தெட்டு வயது இருக்கும். நான் கொழுப்பு ரிப்போர்ட்டை நீட்டியதும், "சார், கொலஸ்ட்ரால வச்சி நாங்க ட்ரீட் பண்றதில்ல. பி.பி. சொல்லுங்க, பி.சி.வி. சொல்லுங்க" என்றாள். நாடி தட்டுப்படவில்லை, சிவப்பணுவின் பங்கான பி.சி.வி. 52 என்றேன். ஓடினாள்.

இதுதான் நிலைமை. வா என்றும் வராதே என்றும் நான் சொல்ல மாட்டேன். உன் அப்பா, உன் டிக்கெட்.

இப்படிக்கு,
விஜயராகவன்


நெல்லித்தோப்பு
17-11-2024, ஞாயிறு, மாலை

வெற்றிவேலுக்கு,

நீ சரிதாவிடம் போனில் அழுததாகச் சொன்னாள். பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறாய், அவசரத்துக்கு ஒன்று வாங்க நடையாய் நடக்கிறாய் என்றும் சொன்னாள். எனக்கு நீ எழுதியது ஒரே வரி. "இன்றைக்கு எச்.டி.எல். எவ்வளவு?"

அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுதுவது. ஒரு மகன் கேட்கிற கேள்வியா இது என்று மேனகாவிடம் கத்தினேன். அவள் பாவம், டிப்பனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்கும்போது எனக்கு விளங்கியது. அப்பா பிழைப்பாரா என்று கேட்க உனக்கு வாய் வரவில்லை. நமக்குத் தெரிந்த பாஷையில் கேட்டிருக்கிறாய்.

ஆறு. இன்றைக்கு எச்.டி.எல். ஆறு.

மற்றதையும் சொல்கிறேன். தட்டணுக்கள் முப்பத்தொன்றாயிரம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. மூக்கில் ஆக்சிஜன் போகிறது. நேற்று நிலைமை மிகவும் மோசம். உறவினர்கள் பக்கத்தில் இருங்கள் என்றார்கள். அந்த வார்த்தைக்கு ஆஸ்பத்திரியில் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும். சரிதா உன் மகளை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினாள். உன் அப்பா கண்ணைத் திறந்து "சவா, சவா" என்றார். பேத்தியிடம் 'நல்லா இருக்கியா' என்று கேட்க அவர் பழகிவைத்திருக்கிற ஒரே பிரெஞ்சு அதுதானாம். மூச்சு வாங்கிக்கொண்டே நாலைந்து முறை சொன்னார்.

சரிதாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அன்றாடம் அவர்கள் எடுக்கிற ரத்தத்தோடு இரண்டு மில்லி கூடுதலாக எனக்கு எடுத்துத்தரக் கவிநிலா சம்மதித்தாள். எதற்கு என்று கேட்டாள். பார்ப்பதற்கு என்றேன். வேறு சரியான காரணம் என்னிடம் இல்லை. வைத்தியத்துக்கு அது உதவாது. எனக்குப் பார்க்க வேண்டும்.

வெற்றி, நேற்று அந்தச் சோதனைக் குழாயைச் சுழற்றி எடுத்தபோது மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் தெளிவாக இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கி இருந்தது. கொலஸ்ட்ரால் அடியோடு விழுந்து கிடக்கிறது, 61. ஆனால் ட்ரைகிளிசரைடு 420க்கு ஏறியிருக்கிறது. ஒரே ரத்தத்தில் ஒரு கொழுப்பு வற்றுகிறது, இன்னொன்று பொங்குகிறது. முப்பது வருடமாக ரத்தம் பார்க்கிறவன் நான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மேனகா வந்து "சார், டீ ஆறிப்போச்சி" என்றபோது திரும்பினேன்.

ஒரு கணக்குப் போட்டேன். 236இல் இருந்து 81. நூறு மில்லிக்கு நூற்றைம்பத்தைந்து மில்லிகிராம் காணவில்லை. அவர் உடம்பில் மூன்று லிட்டர் பிளாஸ்மா இருக்கும் என்று வைத்துக்கொண்டால், காணாமல் போனது நாலரை கிராம். ஒரு டீஸ்பூன் கூட இல்லை. எழுபத்து நாலு வயது மனிதர், மில்லில் முப்பத்தோரு வருடம் நின்று உழைத்த உடம்பு, அதில் ஒரு டீஸ்பூன் கொழுப்பு எங்கேயோ போய்விட்டது. அது போன இடத்தைத்தான் நீயும் உன்னைப் போன்றவர்களும் வாழ்நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீ எழுதியதை எல்லாம் படித்திருக்கிறேன். ரத்தக் குழாயின் சுவர் கசியும்போது நீரோடும் புரதத்தோடும் கொழுப்புத் துகள்களும் வெளியேறுகின்றன. கல்லீரல் அடிபட்டுப் புதிதாக உண்டாக்குவது குறைகிறது. நம் கண்ணால் பார்க்க முடியாத அந்தக் கிருமி, நம் செல்லுக்குள் புகுந்து, நம் கொழுப்பையே எடுத்துத் தனக்கு மேலுறை செய்து போர்த்திக்கொண்டு வெளியே வருகிறது. உன் அப்பாவிடமிருந்து செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு உன் அப்பாவை அடிக்கிறது. இதைக் கட்டுரையாகப் படித்தபோது எனக்கு வெறும் அறிவாக இருந்தது. வார்டு வாசலில் அவர் விரல் நுனி நீலம் பாரிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, அந்தக் கலங்கிய நீரைக் கையில் பிடித்தபோது அது அறிவாக இல்லை. கோயிலுக்குப் போகிற வழக்கம் எனக்கு இல்லை. போகிறவர்களுக்கு உள்ளே என்ன நேர்கிறது என்று நேற்றுக் கொஞ்சம் தெரிந்தது.

நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு என்று பெயர் வைத்தோம். இரண்டும் சேர்ந்தே அல்லவா போயிருக்கின்றன. நாம் கெட்டது என்று ஏழு வருடம் அவரை மிரட்டிய பொருள் இல்லாமல் இன்றைக்கு அவர் உடம்பு தவிக்கிறது.

இன்று காலை மொத்தம் 63. நேற்று 61. இரண்டு புள்ளி வித்தியாசம் மெஷினின் பிழைக்குள் வரும் என்று எனக்கும் தெரியும். மூன்று முறை ஓட்டினேன். 63, 62, 64. இதற்குமேல் எதுவும் சொல்ல மாட்டேன்.

இனி எழுதப்போவது கஷ்டமானது. இதை எழுதாமல் அனுப்பிவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன்.

நாற்பத்து மூன்று நோயாளிகளின் ரத்த அளவுகள் எழுதிய என் நோட்டை நான் மறக்கவில்லை. நாம் இருவரும் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த காலத்தில் வார்டு வார்டாகப் போய்க் காய்ச்சல்காரர்களின் ரத்தம் சேர்த்தவன் நான். சாகப்போகிறவர்களுக்குக் கொழுப்பு முன்கூட்டியே விழுகிறது என்று முதலில் கவனித்தவன் நான். 'நீ சாம்பிளில் தண்ணீர் கலந்துவிட்டாய்' என்று பேராசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்காதவன் நீ ஒருவன்தான். நாற்பத்து மூன்றையும் என்னோடு உட்கார்ந்து மறுபடி ஓட்டிப் பார்த்தாய். பிறகு பிரான்சுக்குப் போகும்போது நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாய். மூன்று வருடம் கழித்துக் கட்டுரை வந்தது. என் பெயர் கடைசிப் பத்தியில், தொழில்நுட்ப உதவிக்கு நன்றி என்று. அதிலும் பெயர் பாதிதான். விஜயம் போய் ராகவன் மட்டும் இருந்தது. அன்றிலிருந்து நான் உன்னோடு பேசவில்லை. ஆராய்ச்சியும் அன்றோடு போயிற்று.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், செவ்வாய்க்கிழமை மாலை அந்த 81 என் திரையில் வந்தபோது நான் அதைப் பார்த்தேன். போன கடிதத்தில் மேனகா சொல்லி வியாழக்கிழமை தெரிந்தது போல எழுதியிருந்தேன். அவள் சொன்னது காய்ச்சலையும் மைசூர்பாகையும். எண்ணை நான் செவ்வாய்க்கிழமையே பார்த்துவிட்டேன். பெயரைப் பார்த்தேன். பக்கத்தில் போன வருடத்து 236ஐப் பார்த்தேன். இது சும்மா விழுகிற விழுதல் இல்லை என்று எனக்குத் தெரியும். இதைத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள். மூலக்குளத்துக்குப் பத்து நிமிடம். போனை எடுத்து "அப்பா, உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்க அரை நிமிடம்.

நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ரிப்போர்ட் லியோனுக்குத்தானே போகிறது, பெரிய விஞ்ஞானி பார்க்கட்டும், அவன் கண்ணுக்குப் படுகிறதா என்று பார்ப்போம் என்று இருந்தேன். உனக்கு நான் வைத்த பரீட்சை அது. புதன்கிழமை முழுக்க, நீ அலறிக்கொண்டு லேபுக்குப் போன் செய்வாய் என்று காத்திருந்தேன். சாயங்காலம் வரை போன் வராதபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த ஒன்றரை நாளில் உன் அப்பாவின் ரத்தத்திலிருந்து எத்தனை லிட்டர் நீர் வெளியே போனது என்று எனக்குத் தெரியாது. கவிநிலாவிடம் இன்று கேட்டேன், ஒரு நாள் முன்னால் அழைத்து வந்திருந்தால் என்று. அவள் யாருடைய மனதையும் பார்த்துப் பேசுகிற பெண் இல்லை. "முந்தின நாளே வந்திருந்தா டிரிப்ஸ் போட்டு வார்டுலயே வச்சிருப்போம் சார். இவ்ளோ தூரம் வந்திருக்காது" என்றாள்.

உன் அப்பா பிழைத்த பிறகு இதைச் சொன்னால் அது சுலபம். அதனால் இன்றைக்கே சொல்கிறேன்.

விஜயராகவன்


நெல்லித்தோப்பு
21-11-2024, வியாழன், மதியம்

அன்புள்ள வெற்றி,

நாலு நாளாக உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. சரிதா மூலம் உனக்குச் செய்தி போயிருக்கும். ஆனாலும் நான் தொடங்கியதை நானே முடிக்க வேண்டும்.

உன் அப்பா நேற்றுப் பொது வார்டுக்கு மாறிவிட்டார். நுரையீரலைச் சுற்றி இருந்த நீர் வடிந்துகொண்டிருக்கிறது. சிறுநீர் நன்றாகப் போகிறது. தட்டணுக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பார்த்து, "இது இன்னா, சோத்துக்குக் காய்ச்சலா" என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலில் வானூரிலிருந்து வந்த ஒருவர் படுத்திருக்கிறார். அவர் சிரித்துவிட்டுத் தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

எண்களைச் சொல்கிறேன். திங்கள் 79. செவ்வாய் 94. நேற்று 112. எச்.டி.எல். 19. ரத்தத்தின் நீர் தெளிந்துவிட்டது.

நான் இதுவரை சரிவை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், வெற்றி. அந்த நாற்பத்து மூன்று பேரில் வீட்டுக்குப் போனவர்களை நான் மறுபடி கூப்பிட்டு ரத்தம் எடுக்கவில்லை. பிழைத்தவர்களிடம் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஏறுவதை இப்போதுதான் முதல் தடவையாக நாளுக்கு நாள் பார்க்கிறேன். யாரும் கொழுப்பை ஊசியாகப் போடவில்லை, மாத்திரையாகக் கொடுக்கவில்லை. கசிந்த சுவர் தானே அடைத்துக்கொள்கிறது. அடிபட்ட கல்லீரல் எழுந்து, யாரும் சொல்லாமல் தன் வேலையை ஆரம்பித்திருக்கிறது. ஒரு நாளைக்குப் பதினைந்து, பதினெட்டு புள்ளி. ஒரு நாள் வேலைக்குப் போய் வருகிறவனைப் போல அவ்வளவு ஒழுங்கு. செவ்வாய்க்கிழமை 94 வந்தபோது நான் மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். மேனகா பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அவளுக்கு முன்னால் இதுவரை திட்டத்தான் செய்திருக்கிறேன்.

இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் அவருடைய நாலு நட்சத்திரமும் திரும்பி வந்துவிடும் என்று நினைக்கிறேன். அப்போது நீ திட்டாதே. இதை நான் படித்தவனாகச் சொல்லவில்லை. மாத்திரை வேண்டுமா என்பதை இருதய டாக்டர் சொல்லட்டும். மிரட்டல் மட்டும் வேண்டாம்.

நேற்று அவரிடம் நான் செய்ததைச் சொல்லிவிட்டேன். சரிதா காபி வாங்கக் கீழே போயிருந்தாள். உனக்குச் சொல்லிவிட்டு அவருக்குச் சொல்லாமல் இருப்பது சரியில்லை. உடம்பு அவருடையது.

அவர் தலையணையில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அவன் மேல உனக்கு அம்மாங் கோவமா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இன்னுங்கூடவா" என்றார். ஆமாம் என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "அவன்கிட்ட சொல்லிட்டியா" என்றார். எழுதிவிட்டேன், மூன்று நாளாகப் பதில் இல்லை என்றேன். அதற்கு அவர் சிரித்தார். "அப்போ நெசமாவே கோவந்தான். கோவம் இல்லன்னா இந்நேரம் நம்பர் கேட்டு எழுதியிருப்பானே" என்றார்.

சிரித்து முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கோவம் வரல ராகவா. நீதான் வந்து தூக்கிக்கினும் போன. ஆனா பயமா கீது. மில்லுல நாங்க அடிச்சிக்குவோம், வாயில வந்ததப் பேசுவோம், மறுநா அதே மெஷின்ல ஜோடியா நிப்போம். நீங்க ரெண்டு பேரும் இவ்ளோ படிச்சிட்டு, ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்காம கெழவனாயிட்டீங்க. நடுவுல நான் செத்திருந்தா யாரக் கேக்கறது" என்றார்.

 அதற்கு நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்து வை. நீ வந்ததும் உன்னையும் கேட்பார்.

லேப் முதலாளியிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே ஆளின் அளவு முந்தைய அளவில் பாதிக்குக் கீழே போனால், அந்த வீட்டுக்குப் போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் ரிப்போர்ட் வெளியே போகக் கூடாது என்று இனி ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். என் மேல் நடவடிக்கை எடுப்பது அவர் விருப்பம். நீ புகார் எழுதுவதானால் அதற்கு வேண்டிய தேதியும் நேரமும் என் சென்ற கடிதத்திலேயே இருக்கின்றன. மறுக்க மாட்டேன்.

நோட்டு விஷயம் எனக்குத் தீர்ந்துவிடவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் உனக்கே நம்பிக்கை வராது. அதைப் பற்றி நீயும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கலாம். என் பக்கத்து நியாயத்தை இருபது வருடமாக எனக்கு நானே சொல்லிச் சொல்லிக் கேட்டு எனக்கு மனப்பாடம். உன் பக்கத்தை ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, சனிக்கிழமை காலை சென்னையில் இறங்குகிறாய் என்று சரிதா சொன்னாள். இ.சி.ஆரில் மழைக்குச் சாலை பல இடத்தில் மோசமாக இருக்கிறது. திண்டிவனம் வழியாக வா. கோரிமேட்டில் பார்வையாளர் நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல். அதுவரை காத்திருக்கும்போது எதிரே இருக்கிற கடைகளில் எதுவும் சாப்பிடாதே. உனக்கு வயிறு இனிமேல் தாங்காது. சரிதா சமைத்து எடுத்து வருவாள். அவளும் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. அவளிடம் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டுவிடாதே.

நாலு மணிக்கு நானும் அங்கேதான் இருப்பேன், வார்டுக்கு வெளியே, படிக்கட்டுப் பக்கம் பெஞ்சில். உன்னைக் கண்டதும் எழுந்து போய்விட மாட்டேன். நீ என்னைத் திட்ட வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. மெயிலில் வேண்டாம், நேரில் வந்து திட்டு. முதலில் அப்பாவைப் பார்த்துவிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

உன் அப்பா நூறு வயது இருக்க வேண்டும். நீயும் பத்திரமாக வந்து சேர வேண்டும்.

விஜயராகவன்